விரல் நுனியிலிருந்து மேலே: காலோடு ஒட்டி நிற்கும் சாக்ஸ்

சென்ற அத்தியாயத்தில் கெண்டைக்காலில் தொடங்கி விரலில் முடியும் சாக்ஸைப் பார்த்தோம். ஐரோப்பியப் பின்னல் புத்தகங்களில் பெரும்பாலும் இருப்பது அந்த முறைதான். அதில் இரண்டு தொல்லைகள் உண்டு. பாதம் சரியாக வருகிறதா என்று போட்டுப் பார்க்க வேண்டுமானால் குதிகாலைத் தாண்டியாக வேண்டும். அதற்குள் பாதிக்கு மேல் வேலை முடிந்திருக்கும். விரல் பக்கம் வரும்போது நூல் தீர்ந்துபோனால் அதைவிடச் சங்கடம். விரலிலிருந்து ஏறும் முறையில் இந்த இரண்டும் இல்லை. மூன்று நான்கு விரற்கடை பின்னியதுமே காலில் மாட்டிப் பார்க்கலாம். நூல் எங்கே தீர்கிறதோ அங்கே சாக்ஸின் உயரத்தை நிறுத்திக்கொள்ளலாம்.

துருக்கியின் அனடோலியா கிராமங்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக விரல் நுனியில் தொடங்கித்தான் வண்ணச் சாக்ஸ் பின்னிவந்திருக்கிறார்கள். அன்னா சில்பர்க் 1994இல் வெளியிட்ட ‘ஃபேன்ஸி ஃபீட்’ என்ற புத்தகம் அந்தக் கைவேலையை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுசென்றது. 2006இல் ஜூடி பெக்கர் என்பவர், நுனியில் தையல் தடமே தெரியாமல் கண்ணி ஏற்றும் ஒரு வழியை ‘நிட்டி’ இதழில் எழுதினார். அதன் பிறகு இந்த முறை மேலும் வேகமாகப் பரவியது.

முறை எதுவானாலும், சாக்ஸ் காலில் பொருந்துவது மூன்று இடங்களில் முடிவாகிறது: விரல் அகலம், குதிகால், வாய். இந்த அத்தியாயத்தில் அதிக நேரம் செலவிடப்போவதும் இந்த மூன்றில்தான். நடுவில் இருக்கும் பாதமும் மேலே இருக்கும் காலும் சுற்றிச் சுற்றி நிட் போடும் வேலை. அதைப் பற்றிப் பேச அதிகமில்லை.

நூலும் ஊசியும்

ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியாக் குளிருக்கும் டொரொண்டோ பனிக்கும் ஏற்றது கம்பளியும் நைலானும் கலந்த சாக்ஸ் நூல். 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான் என்பது வழக்கமான கலவை. கம்பளி இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும். நைலான் தேய்மானத்தைத் தாங்கும். 100 கிராமுக்கு 400 மீட்டர் அளவில் வரும் மெல்லிய நூலைத் தேடுங்கள். ஒரு ஜோடிக்கு 100 கிராம் பெரும்பாலும் போதும். நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் அக்ரிலிக் நூலிலும் பின்னலாம். துவைப்பது சுலபம், விலையும் குறைவு. ஆனால் கால் வேர்க்கும், நாளடைவில் தொளதொளக்கும். வெறும் பருத்தியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதற்குச் சுருங்கும் குணம் கிடையாது, நாலு மணி நேரம் போட்டால் கணுக்காலில் மடிந்து விழும். பருத்திதான் வேண்டும் என்பவர்கள் எலாஸ்டிக் இழையோ நைலானோ சேர்ந்த நூலாகப் பார்த்து வாங்கவும்.

ஊசி 2.25 அல்லது 2.5 மில்லிமீட்டர். நூல் உறையில் 3 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும்; அது ஸ்வெட்டருக்கு. சாக்ஸ் இறுக்கமாகப் பின்னப்பட வேண்டும், இல்லையென்றால் உள்ளங்காலில் ஒவ்வொரு கண்ணியும் உறுத்தும், சீக்கிரம் ஓட்டையும் விழும். ஐந்து இருமுனை ஊசிகளிலும் பின்னலாம், நீளமான கம்பியால் இணைந்த ஒரே வட்ட ஊசியிலும் பின்னலாம். என் சிபாரிசு 80 அல்லது 100 சென்டிமீட்டர் வட்ட ஊசி. பாதிக் கண்ணிகள் ஒரு பக்கம், பாதி மறுபக்கம் என்று கம்பியை நடுவில் இழுத்து விட்டுப் பின்னும் இந்த வழிக்கு மேஜிக் லூப் என்று பெயர். காலில் மாட்டிப் பார்க்கும்போது கண்ணிகளைக் கம்பிக்குத் தள்ளிவிட்டால் எதுவும் நழுவாது. இருமுனை ஊசியில் அந்த வசதி இல்லை, ஊசி முனை காலில் குத்துவது வேறு.

அளவெடுத்தல்

மாலையில் எடுங்கள், நின்றுகொண்டு எடுங்கள். காலை எழுந்ததும் இருக்கும் பாதமும் நாள் முழுக்க நடந்த பாதமும் ஒரே அளவில் இருக்காது. உட்கார்ந்திருக்கும்போது பாதம் சுருங்கியும், நிற்கும்போது பரந்தும் இருக்கும். நான்கு அளவுகள் வேண்டும். கட்டைவிரல் அடியில் பாதம் மிக அகலமாக இருக்கும் இடத்தில் சுற்றளவு. குதிகால் பின்னாலிருந்து நீளமான விரலின் நுனிவரை நீளம். குதிகாலின் அடிமுனையிலிருந்து கணுக்காலின் முன்மடிப்பு வரை சாய்வாக ஒரு சுற்று. சாக்ஸ் முடியப்போகும் இடத்தில் காலின் சுற்றளவு. மூன்றாவது அளவைப் பலர் எடுப்பதே இல்லை. பொருந்தாத சாக்ஸில் பாதிக்கு மேல் அங்கேதான் கெடுகிறது.

பிறகு மாதிரித் துணி. சதுரமாக இல்லாமல், உருளையாகச் சுற்றில் பின்ன வேண்டும். முன்னும் பின்னும் திரும்பிப் பின்னினால் கை இறுக்கம் மாறிவிடும். துவைத்துக் காயவைத்து, 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி, எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். இந்த அத்தியாயம் முழுக்க நான் எடுத்துக்கொள்ளும் கணக்கு 32 கண்ணி, 44 சுற்று.

சாக்ஸ் காலைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். புதிதாகப் பின்னுபவர்கள் நம்ப மறுக்கும் விஷயம் இது. பாதச் சுற்றளவில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். 22 சென்டிமீட்டர் பாதத்துக்கு 20 சென்டிமீட்டர் சாக்ஸ். சென்டிமீட்டருக்கு 3.2 கண்ணி வீதம் 20-க்கு 64 கண்ணி. நான்கால் வகுபடும் எண்ணாகத் திருத்திக்கொண்டால் பின்னால் ரிப் போட வசதி. நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைத்தால் போதும்: 24 சென்டிமீட்டர் பாதத்துக்கு 23. இரண்டு நிறத்தில் கோலம் போட்டுப் பின்னுவதாக இருந்தால் துணி அவ்வளவாக இழுபடாது; சுற்றளவில் இருபதில் ஒரு பங்கு குறைத்தால் போதும்.

விரல்

கண்ணி ஏற்றுவதில் துருக்கி முறையை முதலில் பழகுங்கள். ஊசியின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பிடியுங்கள். கீழ் ஊசியில் ஒரு சுருக்கு முடிச்சு. நூலைப் பின்னாலிருந்து மேலே கொண்டுவந்து, முன்பக்கமாக இறக்கி, இரண்டு ஊசியையும் சேர்த்து 12 முறை சுற்றுங்கள். மேலே 12, கீழே 12 கண்ணி. சுருக்கு முடிச்சு கணக்கில் சேராது. கீழ் ஊசியை இழுத்து அதன் கண்ணிகளைக் கம்பியில் நிறுத்துங்கள். விடுபட்ட முனையால் மேல் ஊசியின் 12 கண்ணியையும் நிட் போடுங்கள். திருப்பி, முடிச்சை அவிழ்த்து விட்டு, மறுபக்கத்து 12-ஐயும் நிட் போடுங்கள். முதல் இரண்டு சுற்று கை பழகாமல் தடுமாறும், மூன்றாவதில் ஒரு சிறு பை போல உருவாகிவிடும். கண்ணிகள் தளர்வாக இருந்தால் வால்நூலை இழுத்துச் சரிசெய்யலாம். ஜூடி பெக்கர் முறையில் நுனி இதைவிட அழகாக வரும். ஆனால் அதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட ஒருவர் கையைப் பார்த்துக் கற்பது சுலபம்.

இனிக் கண்ணி கூட்ட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் கண்ணியை நிட் போட்டு, ஒன்று கூட்டி, கடைசிக் கண்ணிக்கு முன்னால் இன்னொன்று கூட்டுங்கள். சுற்றுக்கு நான்கு. அடுத்த சுற்றில் கூட்டாமல் பின்னுங்கள். மாற்றி மாற்றி இப்படி 10 முறை கூட்டினால் 24 கண்ணி 64 ஆகும்; 20 சுற்று, சுமார் 4.5 சென்டிமீட்டர். கூட்டுவதற்கு இரண்டு கண்ணிகளுக்கு இடையே கிடக்கும் இழையைத் தூக்கி, முறுக்கிப் பின்னுவது நல்லது. ஒரே கண்ணியில் முன்னும் பின்னும் இரண்டு போடும் வழி சுலபம்தான். ஆனால் விரல் ஓரத்தில் சிறு சிறு முடிச்சாகத் தெரியும்.

புத்தகங்களில் இருப்பது இவ்வளவுதான். இது கூரான விரல் அமைப்பு. சின்ன வயதிலிருந்து ஷூவுக்குள் அடங்கிய பாதத்துக்கு ஒத்துவரும். வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த நம்மில் பலருக்கு விரல்கள் விரிந்து நிற்கும். இந்தக் கூர் சுண்டுவிரலை நசுக்கும். அவர்களுக்கு வேறு கணக்கு: 14 முறை சுற்றி 28 கண்ணியில் தொடங்குங்கள். முதல் நான்கு சுற்றிலும் விடாமல் கூட்டுங்கள், 44 ஆகும். பிறகு ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றாக ஐந்து முறை கூட்டினால் 64. மொத்தம் 14 சுற்றில் முடிந்துவிடும். நுனி மழுங்கலாக, அகலமாக வரும். சாக்ஸை மாட்டிப் பாருங்கள். கூட்டுவது முடிந்த இடம் சுண்டுவிரலின் அடியில் இருந்தால் சரி. அதைத் தாண்டிப் போயிருந்தால் இன்னும் வேகமாகக் கூட்டுங்கள்.

கட்டைவிரல் நீண்டு, மற்ற விரல்கள் படிப்படியாக இறங்கும் பாதமாக இருந்தால் இடது வலது பிரித்துப் பின்னுவது உத்தமம். 24 கண்ணியில் தொடங்கி, கட்டைவிரல் பக்க ஓரத்தில் ஒவ்வொரு சுற்றிலும், சுண்டுவிரல் பக்க ஓரத்தில் ஒன்றுவிட்ட சுற்றிலும் கூட்டுங்கள். ஒரு பக்கம் 10 சுற்றில் முடியும், மறுபக்கம் 20 வரை போகும். மற்றச் சாக்ஸுக்குப் பக்கத்தை மாற்றிக்கொள்ள மறக்கக் கூடாது. ஓர் ஊக்கைக் கட்டைவிரல் பக்கம் குத்திவைத்தால் குழப்பம் வராது.

செருப்போடு போடக் கட்டைவிரல் தனியாகப் பிரிந்த சாக்ஸ் வேண்டும் என்று கேட்பவர்கள் நிறைய. இந்த முறையில் அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கட்டைவிரலுக்கு 24 கண்ணிக் குழாய் ஒன்று, மற்ற நான்கு விரலுக்கும் சேர்த்து 48 கண்ணிக் குழாய் ஒன்று என்று தனித்தனியாகப் பின்னுங்கள். இரண்டும் விரலிடுக்கு வரை வர வேண்டும். அங்கே எதிரெதிராக இருக்கும் நான்கு நான்கு கண்ணிகளைக் கம்பளித் தையல் ஊசியால் ஒன்றோடொன்று கோத்துவிட்டால் மீதி 20-ம் 44-ம் சேர்ந்து 64. அதற்கு மேல் சாதாரணச் சாக்ஸ்தான்.

மெட்டி அணிந்தவர்களுக்குப் பின்னும்போது விரல் பகுதியில் வண்ணக் கோலம் வேண்டாம். உள்பக்கம் தொங்கும் இழைகளை மெட்டி இழுத்துவிடும். வால்நூலையும் இரண்டாம் விரலுக்கு எதிரே செருகாமல் ஓரமாகக் கொண்டுபோய்ச் செருகுங்கள்.

குதிகால்

எடுத்த அளவுகளை இப்போது வெளியே எடுங்கள். குதிகால் சாய்வுச் சுற்றிலிருந்து பாதச் சுற்றளவைக் கழியுங்கள். வித்தியாசம் 8 சென்டிமீட்டரைத் தாண்டாவிட்டால் குறுவரிசைக் குதிகால் பொருந்தும். அதற்கு மேல் என்றால் புறங்கால் மேடு உயரம் என்று பொருள். பக்கவாட்டில் துணி கூட்டாமல் முடியாது. குறுவரிசைக் குதிகால் பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் அதையே பின்னுகிறவர்கள் உண்டு. மேடு உயர்ந்த காலில் அது கணுக்காலின் முன்பக்கத்தை வெட்டுவதுபோல் இறுக்கும், குதிகால் பகுதி உள்ளங்காலுக்குக் கீழே இழுபட்டு வரும். சந்தேகமாக இருந்தால் பக்கம் கூட்டுகிற முறையைத் தேர்ந்தெடுங்கள். அது எந்தக் காலிலும் கெடுதல் செய்யாது.

முதலில் குறுவரிசை. இதற்கு 5 சென்டிமீட்டர் ஆகும். ஆகவே நுனியிலிருந்து 18 சென்டிமீட்டர் வந்ததும் தொடங்க வேண்டும். மேல்பக்கத்து 32 கண்ணிகளைக் கம்பியில் ஓய்வாக விட்டுவிட்டு, உள்ளங்கால் பக்கத்து 32-இல் மட்டும் முன்னும் பின்னும் பின்னுங்கள். 32-ஐயும் நிட் போட்டுத் திருப்புங்கள். நூலை முன்பக்கம் வைத்துக்கொண்டு முதல் கண்ணியைப் பின்னாமல் மாற்றி, நூலை ஊசிக்கு மேலாகப் பின்னால் அழுத்தி இழுங்கள். அந்தக் கண்ணியின் இரண்டு கால்கள் ஊசியில் ஏறி, இரட்டையாகத் தெரியும். நூலை முன்னே கொண்டுவந்து வரிசை முழுக்க பர்ல் போட்டுத் திருப்பி, அங்கேயும் ஓர் இரட்டைக் கண்ணி. அடுத்த வரிசையில் மறுமுனை இரட்டைக் கண்ணிக்கு முன்னாலேயே திரும்பிவிடுங்கள். இப்படியே இரு பக்கமும் 11 இரட்டைக் கண்ணி, நடுவில் 10 சாதாரணக் கண்ணி என்று வரும்வரை போங்கள். பிறகு 64 கண்ணியிலும் இரண்டு முழுச் சுற்று. இரட்டைகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்ன வேண்டும். அடுத்த பாதி இதற்கு நேர்மாறு: நடுவிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரிசையிலும் முந்தைய இரட்டையைத் தாண்டி ஒரு கண்ணி கூடுதலாகப் போய்த் திரும்புங்கள். ஓரம்வரை வந்ததும் குதிகால் கிண்ணம் தயார்.

மேல்பக்கமும் குதிகாலும் சேரும் இரண்டு மூலையிலும் ஓட்டை விழும். எல்லோருக்கும் விழும். அந்த மூலையில் குறுக்கே கிடக்கும் இழையைத் தூக்கிப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னினால் மூடிவிடும்.

அடுத்தது பக்கம் கூட்டும் குதிகால்; ஆங்கிலப் புத்தகங்களில் இதை கஸெட் என்பார்கள். இதற்கு 10 சென்டிமீட்டர் இடம் வேண்டும், ஆகவே நுனியிலிருந்து 13 சென்டிமீட்டரில் தொடக்கம். உள்ளங்கால் பக்கத்தின் இரு ஓரத்திலும், ஒன்றுவிட்ட சுற்றில் ஒவ்வொரு கண்ணி கூட்டுங்கள். 12 முறை கூட்டினால் 32 கண்ணி 56 ஆகும். 24 சுற்று, ஏறக்குறைய ஐந்தரை சென்டிமீட்டர். அப்போது நடுவிலுள்ள 32-இல் மட்டும், மேலே சொன்ன அதே இரட்டைக் கண்ணி முறையில், இரு பக்கமும் பத்துப் பத்தாகக் குறுக்கிக்கொண்டே வந்து நடு 12-இல் நிறுத்துங்கள். இதில் முதல் பாதி மட்டும் போதும். திரும்ப விரிக்க வேண்டியதில்லை.

பிறகு பின்குதிகால் பட்டி. 32 கண்ணியையும் நிட் போட்டு வந்து (இரட்டைகளை ஒன்றாக), 32ஆவதைப் பக்கத்தில் காத்திருக்கும் 12-இல் முதலாவதோடு சேர்த்துப் பின்னித் திரும்புங்கள். முதல் கண்ணியைப் பின்னாமல் மாற்றி, பர்ல் போட்டுக்கொண்டே போய், கடைசியை மறுபக்கத்து முதல் கண்ணியோடு சேர்த்துத் திரும்புங்கள். நிட் வரிசைகளில் ஒரு கண்ணியைப் பின்னாமல் மாற்றுவது, அடுத்ததைப் பின்னுவது என்று போனால் துணி இரட்டைத் தடிமனாக வரும். ஷூ உராய்கிற இடம் இதுதான், தடிமன் வீணாகாது. 24 வரிசையில் இரு பக்கத்துக் கூடுதல் கண்ணிகளும் தீர்ந்து, மறுபடி 64-இல் வந்து நிற்பீர்கள். மேடு மிக உயர்ந்திருந்தால் 12-க்குப் பதில் 14 அல்லது 16 முறை கூட்டுங்கள். அதற்கேற்ப ஒரு சென்டிமீட்டரோ ஏறக்குறைய இரண்டோ முன்னதாகத் தொடங்க வேண்டும்.

எந்தக் குதிகாலானாலும் முடித்தவுடன் காலில் மாட்டி, நாலடி நடந்து பாருங்கள். குதிகால் கிண்ணம் உள்ளங்காலுக்கு நகர்ந்தால் பாதம் குட்டை. கணுக்காலுக்குப் பின்னால் பை மாதிரி தொங்கினால் பாதம் நீளம். பிரித்துப் பின்னுவதற்குச் சோம்பல்பட வேண்டாம். இங்கே விட்ட பிழை துவைத்தாலும் போகாது.

காலும் வாயும்

மேலே 64 கண்ணியில் சுற்றிக்கொண்டே போங்கள். 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் வேண்டுமென்றால் கெண்டைக்கால் பருக்கத் தொடங்கும் இடத்தில், பின்பக்கம் நடுவில், அவ்வப்போது இரண்டு கண்ணி கூட்டுங்கள். கடைசி 4, 5 சென்டிமீட்டருக்கு இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று ரிப். தொடங்கும் முன்பே நூலைச் சமையலறைத் தராசில் நிறுத்து இரண்டு சம உருண்டையாகச் சுற்றி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு காலையும் நூல் தீரும்வரை தயங்காமல் பின்னலாம்.

முடிப்பதில்தான் இந்த முறையின் உண்மையான சோதனை. வாய் தளர்வாக இருந்தால் சாக்ஸ் இறங்கும், இறுக்கமாக இருந்தால் குதிகாலைத் தாண்டி ஏறவே ஏறாது. நம் கணக்கில் 20 சென்டிமீட்டர் சாக்ஸின் வாய், குதிகால் சாய்வுச் சுற்றான சுமார் 30 சென்டிமீட்டருக்கு விரிந்து கொடுக்க வேண்டும். வழக்கமாக ஸ்வெட்டரில் கண்ணி மேல் கண்ணி இறக்கி முடிப்பதுபோல் இங்கே முடித்தால் அது நடக்காது. பெரிய ஊசியால் முடித்தால் போதும் என்பார்கள். ஓரம் அலை அலையாக நிற்குமே தவிரப் பிடிமானம் இருக்காது.

2009இல் ஜெனி ஸ்டைமன் வெளியிட்ட முறை இதற்கென்றே அமைந்தது. ஒவ்வொரு கண்ணிக்கு முன்னாலும் நூலை ஒரு சுற்று ஊசியில் போட்டுக்கொள்ள வேண்டும். நிட் கண்ணிக்கு முன்னால் பின்னிருந்து முன்னாக, பர்ல் கண்ணிக்கு முன்னால் வழக்கம்போல் முன்னிருந்து பின்னாக. கண்ணியைப் பின்னி, அந்தச் சுற்றை அதன் மேலாகத் தூக்கி விடுங்கள். இரண்டு கண்ணி சேர்ந்ததும் முதலாவதை இரண்டாவதன் மேல் தூக்கி இறக்குங்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் கூடுதலாக ஒரு சிறு இழை கிடைப்பதால் ஓரம் தாராளமாக இழுபடும். நூலும் சற்று அதிகம் செலவாகும், ஆகவே ஒன்றரை மீட்டர் மீதி இருக்கும்போதே முடிக்கத் தொடங்குங்கள். எலிசபெத் சிம்மர்மன் பரப்பிய தையல் ஊசி முடிப்பும் இதே அளவுக்கு நல்லது. அதற்கு வாயின் சுற்றளவைப் போல நான்கு மடங்கு நூலை நறுக்கிக்கொள்ள வேண்டும்.

முதல் சாக்ஸ் முடிந்ததும் எத்தனை சுற்றில் எதைச் செய்தீர்கள் என்பதை எழுதிவையுங்கள். நினைவிருக்கும் என்று நம்பி விட்டவர்களின் இரண்டாவது சாக்ஸ் ஒரு விரற்கடை வித்தியாசத்தில்தான் வரும். கொஞ்சம் கை தேர்ந்த பிறகு ஒரே நீள ஊசியில் இரண்டையும் ஒருசேரப் பின்னினால் இந்தக் கவலையே இல்லை.

இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. பின்னல் முடித்த முனையிலிருந்துதான் சுலபமாகப் பிரியும். தொடங்கிய முனையிலிருந்து பிரியாது. மேலிருந்து பின்னிய சாக்ஸில் விரல் தேய்ந்துபோனால் நுனியை மட்டும் பிரித்துப் புதிதாகப் போடலாம். இதில் அது நடக்காது. தேய்ந்த பகுதிக்கு மேலே ஓர் இழையை வெட்டி, கண்ணிகளை ஊசியில் எடுத்து, அங்கிருந்து கீழ்நோக்கிப் பின்னி மூட வேண்டும். அதற்கு அதே நிறத்து நூல் கையில் இருக்க வேண்டும். கடைசிவரை பின்னிவிடும் ஆசையில் எல்லாவற்றையும் தீர்த்துவிடாமல், ஒவ்வொரு ஜோடிக்கும் பத்து கிராமாவது எடுத்து, அளவு எழுதிய சீட்டோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.